மஞ்சள் டேக் கட்டிய படம்

எதைப் பார்த்தாலும் அவர் இடது கண்ணை மூடிக்கொண்டுதான் பார்ப்பார். ஷாஃப்டானாலும் சரி, தோசையானாலும் சரி, பஸ் ஸ்டாண்டு கடிகாரமானாலும் சரி. வலது கண்ணுக்கு நேராகப் பிடித்து, மெள்ளத் திருப்பி, கடைசியில் உதட்டைப் பிதுக்குவார். உதடு பிதுங்கிவிட்டால் அந்தப் பொருளின் கதை முடிந்தது. கோயிலில் கும்பிடும்போதுகூட ஒரு கண்ணைத்தான் மூடினார் என்று எங்கள் ஷிஃப்டில் ஒருவன் சத்தியம் செய்தான். நான் நம்பினேன்.

பெயரைச் சொல்ல மாட்டேன். இப்போது பேரன் பேத்தி எடுத்திருப்பார், அவர்கள் கையில் இது சிக்கினால் எனக்கு எதற்கு வம்பு. கம்பெனியில் அவருக்கு 'செவப்பு டேக்' என்று பெயர். எண்பதுகளின் நடுவில், ஓசூரில் தொழிற்பேட்டை தழைத்துக்கொண்டிருந்த காலம். வண்டி எஞ்சினுக்குள் போகும் ஷாஃப்ட் செய்கிற கம்பெனி எங்களுடையது. நான் லேத் ஓட்டினேன். அவர் இன்ஸ்பெக்டர். போலீஸ் இன்ஸ்பெக்டர் இல்லை, அதைவிட மோசம். நான் கடைந்து அனுப்பும் ஷாஃப்டை அளந்து பார்த்து, சரியாக இருந்தால் பெட்டியில் பச்சை அட்டை கட்டுவார். சந்தேகம் என்றால் மஞ்சள் அட்டை, அது முடிவாகும்வரை அப்படியே கிடக்கும். உதவாது என்றால் சிவப்பு. துளை போட்டு நூல் கோத்த அந்த அட்டையைத்தான் நாங்கள் டேக் என்போம். அவர் மேஜையில் பச்சைக் கட்டு பிரிக்காமலேயே தூசி படிந்து கிடக்கும்.

ஒருமுறை என் பெட்டி முழுவதும் சிவப்பானபோது எனக்குத் தாங்கவில்லை. "ண்ணா, நானே அளந்து பாத்துட்டுத்தான் அனுப்பனேன், எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு" என்றேன்.

"நீ கடைஞ்சத நீயே சரின்னு சொன்னா அப்பறம் நான் எதுக்குடா? சொந்தப் பீஸச் சொந்தக் கண்ணால பாஸ் பண்ணக் கூடாது. கம்பெனி ரூல வுடு, அது தர்மம்."

இன்னொன்றும் அடிக்கடி சொல்வார். மேனேஜர் அவசரமாகக் கையெழுத்துக் கேட்டாலும் அதே பதில்தான். "பீஸப் பாக்காம நான் கையெழுத்துப் போட மாட்டன் சார்." மேனேஜர் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார். லாரி கிளம்பாமல் நிற்கும். இவர் பெட்டியைத் திறந்து, இடது கண்ணை மூடுவார்.

கம்பெனியில்தான் இந்தப் பாடு என்றால், குடியிருந்ததும் இவரோடுதான். பாகலூர் ரோட்டில் வரிசையாக ஆறு அறைகள், ஒரு தண்ணீர்க் குழாய், கன்னடம் பேசுகிற வீட்டுக்கார அம்மா. எங்கள் அறையில் இருந்த ஒரே ஜன்னலை அவர் திறக்க விட்டதில்லை. தாழ்ப்பாள் துருப்பிடித்துச் சட்டத்தோடு ஒட்டிப் போயிருந்தது. அதற்குக் காரணம் இருந்தது. மனுஷன் யார் முன்னாலும் சட்டையைக் கழற்ற மாட்டார். முழுக்கைச் சட்டை, கழுத்துப் பட்டன்வரை போட்டிருப்பார். குழாயடியில் பனியனோடு குளிப்பார். பிறகு என்னை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்திக்கொண்டு உடை மாற்றுவார். கேட்டால் "ஓசூர்க் குளுரு ஒடம்புக்கு ஆவாது" என்பார். சித்திரை மாத மத்தியானத்தில் கேட்டாலும் அதே குளிர்தான்.

முப்பத்து நாலு வயதுவரை கல்யாணம் ஆகவில்லை என்று நான் தனியாகச் சொல்ல வேண்டுமா? அஞ்செட்டி தாண்டி நாட்றாம்பாளையம் அவருக்கு. பெண் பார்க்கக் கூட்டிக்கொண்டு போய் ஓய்ந்துபோன சொந்தக்காரர்கள் ஒரு பஸ் நிறைய இருந்தார்கள். மூக்கு சாய்வு, காது ஒன்று முன்னால், ஒன்று பின்னால், நடையில் ஆட்டம். பெண்களைப் பற்றித்தான் பேசுகிறார், கன்வேயர் பெல்ட்டைப் பற்றி இல்லை.

கடைசியில் உத்தனப்பள்ளியில் ஒரு பெண். தக்காளியும் கேழ்வரகும் போடுகிற குடும்பம். பத்தாவது படித்தவள், மண்டியில் எடை போடுகிறவனிடம் தானே நின்று சண்டை பிடிப்பவள் என்று தரகர் சொன்னார். சொல்லிவிட்டுப் படத்தை நீட்டினார். இவர் தொடவே இல்லை.

"போட்டோவப் பாத்துக் கையெழுத்துப் போடற ஆளு நான் இல்லீங்க. பீஸப் பாக்கணும்."

பீஸ் என்றுதான் சொன்னார், பாவி.

பெண் பார்க்க நானும் போயிருந்தேன். அவள் தட்டோடு வந்து நின்றாள். இவர் வழக்கம்போல் இடது கண்ணை மூடினார். கூடத்தில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, அவள் குனிந்து பார்த்து, "கண்ல தூசு வுழுந்துட்டுதுங்களா? தண்ணி கொண்டாரட்டுமா?" என்றாள். உண்மையாகவே கேட்டாளா, கிண்டலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் இரண்டு கண்களையும் திறந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் காதில் ஒரே ஒரு சொல் சொன்னார். "பச்ச."

கம்பெனியில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தது நான்தான். வைகாசியில் கல்யாணம். நான் அதே வரிசையில் அடுத்த அறைக்குக் குடிபோனேன்.

இரண்டு மாதம் நன்றாகத்தான் போனது. மெஸ் தோசைக்கு விடுதலை கிடைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வாசற்படியில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தாள். நான் குழாயடியில் சட்டை அலசிக்கொண்டிருந்தேன். இவர் உள்ளேயிருந்து டீ டம்ளரோடு வந்து நின்று அவளையே பார்த்தார். அந்தப் பாழாய்ப்போன இடது கண் மூடியது.

"ஒனக்கு எடது தோளு ஒரு கால் இஞ்சு எறக்கமா இருக்குது பாத்தியா" என்றார். மழை வரும்போல் இருக்கிறது என்பதுபோலச் சொன்னார். கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. சொல்லிவிட்டு டீயைக் குடித்தார்.

அவள் பூவைக் கட்டி முடித்தாள். அன்றிலிருந்து அவள் முந்தானையை இழுத்து இழுத்துத் தோளை மூடிக்கொண்டு நடந்ததை நான் பார்த்தேன். எனக்கே ஆத்திரம் வந்தது. ஷாஃப்டைச் சொல், தோசையைச் சொல், கட்டிக்கொண்டு வந்தவளைச் சொல்லலாமா? ஆடி பிறந்தது, புதுப் பெண்ணை அழைத்துப்போக அவள் அண்ணன் வந்தார். ஆடி முடிந்தது, ஆவணியும் முடியப்போனது, அவள் வரவில்லை.

அழைத்துவர இவர் கிளம்பினார். தனியாகப் போகப் பயம், என்னையும் இழுத்துக்கொண்டார். சானமாவு காட்டில் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். தூரத்தில் யானை ரோட்டைக் கடக்கிறது என்று கண்டக்டர் கையைக் காட்டினார். பஸ்ஸே எழுந்து நின்று பார்த்தது. இவரும் எழுந்து ஒரு கண்ணை மூடினார். "தந்தம் ரெண்டும் ஒரே நீட்டம் இல்லடா" என்றார்.

"ண்ணா, அங்க போயி இந்த வாயத் தொறக்காம இருங்க" என்றேன்.

வீட்டில் குறையே வைக்கவில்லை. கோழிக் குழம்பு, களி. சாப்பிட்டு முடித்ததும் அவள் இவரைக் கொல்லைப் பக்கம் தக்காளித் தோட்டத்துக்குக் கூப்பிட்டாள். வரப்பில் அவள் பேசுவதும் இவர் தலைகுனிந்து நிற்பதும் எனக்குத் தூரத்திலிருந்து தெரிந்தது. திரும்பி வந்தவர் தனியாகத்தான் வந்தார். பஸ் சானமாவு காட்டைத் தாண்டியது.

"என்னைய அவ பாத்ததே இல்லியாம்" என்றார் திடீரென்று.

"அப்பறம் ரெண்டு மாசம் யாருகூடக் குடும்பம் பண்ணீங்க?"

"வெளிச்சத்துலடா."

எனக்குப் புரிவதற்கு ஒரு நிமிஷம் ஆனது. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன், சிரித்தால் அடித்துவிடுவார். அவள் சொன்னதை அவரே ஒவ்வொன்றாகச் சொன்னார். "'என்னைய ஏற எறங்கப் பாத்தீங்கல்ல? என் தோளு, என் காலு எல்லாம் அளந்தீங்கல்ல? நான் உங்க கழுத்துக்குக் கீழ என்னா இருக்குதுன்னே பாத்ததில்ல. வெளக்க அணைச்சாத்தான் சட்டையக் கழட்டறீங்க. சட்டையில்லாம ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க, நானும் சாவகாசமாப் பாக்கறன். பாத்துட்டுத்தான் தல தீபாவளிக்குக் கூப்புடறதா வேணாமான்னு சொல்வன்.' இப்படிச் சொல்லிட்டாடா."

சட்டையைக் கழற்றவே மாட்டார் என்ற தைரியத்தில்தான் சொல்லியிருப்பாள். ஆனால் தலை தீபாவளி என்றதும் எனக்கும் சிரிப்பு நின்றுவிட்டது. தலை தீபாவளிக்கு மாமனார் வீட்டிலிருந்து அழைப்பு வராத மாப்பிள்ளை என்றால், அந்தக் கல்யாணம் அவ்வளவுதான் என்று இரண்டு ஊரும் பேசும். பேசுவது மட்டுமில்லை, பிறகு பஞ்சாயத்து, பிறகு சாமான்களைத் திருப்பிக் கொடுப்பது. கண்ணில் தூசா என்று கேட்டவளை அவர் இழந்துவிடுவார். அவருக்கு அது தெரிந்திருந்தது. முகம் அப்படி வெளுத்துக் கிடந்தது.

"எடுத்துருவம்ண்ணா" என்றேன்.

"இப்ப முடியாது. தயார் பண்ணணும்."

தயாரிப்பு என்றால் அப்படி ஒரு தயாரிப்பு. தீபாவளிக்கு நாற்பத்தைந்து நாள் இருந்தது. ஒரு தையல் டேப் வாங்கினார். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தினமும் காலையில் நெஞ்சை அளந்து, காலண்டரில் பென்சிலால் குறித்தார். முப்பது. இலக்கு முப்பத்து மூன்று. மெஸ்ஸில் தினம் நாலு முட்டை. ஒவ்வொரு முட்டையும் பரிசோதனைக்குப் பிறகுதான் வாய்க்குப் போகும். கர்லாக்கட்டைக்குப் பதிலாக, கழிவில் கிடந்த என்னுடைய சிவப்பு டேக் ஷாஃப்டுகள் இரண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து தூக்கினார். நான் கடைந்த பொருள் அவருக்குப் பயன்பட்டது அதுதான் முதல் தடவை.

இருபது நாள் கழித்தும் டேப் முப்பத்தொன்றைத் தாண்டவில்லை. அன்றைக்கு என்னை உள்ளே கூப்பிட்டார். சட்டையில்லாமல் நின்றார். நான் அவரை அப்படிப் பார்த்தது அதுதான் முதல்முறை. பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. ஒடுங்கிய நெஞ்சு, எலும்பு தெரிகிற தோள்பட்டை, நடுவில் பத்துப் பதினைந்து முடி. நம் பக்கத்தில் பாதிப்பேர் அப்படித்தான் இருக்கிறோம். இதற்கா ஜன்னலைப் பிசின் போட்டதுபோல் சாத்தி வைத்தீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன்.

"நீ அள. நான் அளந்தா மூச்சை இழுத்துக்கறன்" என்றார்.

அளந்தேன். முப்பத்தொன்றேதான். அப்போதுதான் சொன்னார்.

"பதினெட்டு வயசுல பட்டாளத்துக்கு ஆள் எடுக்கறாங்கன்னு போனன்டா. மைதானத்துல முந்நூறு பேரு, எல்லாம் ஜட்டியோட வரிசையில. நெஞ்சு பத்தலைன்னு தள்ளிட்டாங்க. சரின்னு சட்டையப் போட்டுக்கிட்டு வூட்டுக்கு வந்துட்டன். மறுநா எங்கம்மா எண்ண தேய்க்கறப்ப, முதுகுல இது என்னாடா பெருக்கல் குறின்னு கேட்டுச்சு. தள்ளுன ஆளுங்களுக்கெல்லாம் சாக்பீஸ்ல போட்டு வுட்டிருக்கானுங்க. போட்டதே எனக்குத் தெரியாது. அதோடயே பஸ்ஸு ஏறி, டீ குடிச்சி, ஊரு வந்து சேந்துருக்கறன்."

அவருக்குச் செவப்பு டேக் என்று பெயர் வைத்ததே நான்தான். டேப்பைச் சுருட்டி அவர் கையில் கொடுத்தேன். கொடுத்ததும் அவர் செய்த முதல் வேலை, டேப்பில் அங்குலக் கோடு சரியாக இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்ததுதான். ஆள் மாறவில்லை என்று நிம்மதியாக இருந்தது.

அடுத்து அந்தப் பத்துப் பதினைந்து முடிக்கு வந்தார். இருக்கட்டுமா, எடுக்கலாமா? நான் இருக்கட்டும் என்றேன், ஆகவே எடுத்துவிட முடிவு செய்தார். சலூனுக்குப் போய் உள்ளறையில் சட்டையைத் திறந்து காட்டியிருக்கிறார். சலூன்காரர் பதறிப்போய், "ஆப்பரேசனா சார்?" என்றாராம். நெஞ்சை மழிக்க வேறு காரணம் ஓசூரில் அன்றைக்கு யாருக்கும் தெரியாது. போட்டோவுக்கு என்று சொல்ல முடியுமா? "ஆமா" என்றிருக்கிறார். "ஒண்ணும் ஆவாது சார், தைரியமாப் போய்ட்டு வாங்க" என்று சொல்லிக் காசுகூட வாங்காமல் அனுப்பிவிட்டார் அந்தப் புண்ணியவான்.

மறுநாள் கம்பெனி முழுக்கச் செய்தி. செவப்பு டேக்குக்கு நெஞ்சில் ஆப்பரேஷன், பெங்களூரில், பிழைப்பது கஷ்டம். மாலையில் எங்கள் வரிசையில் செருப்பு வைக்க இடமில்லை. இவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் எல்லோரும் ஆரஞ்சுப் பையோடு வந்து கட்டில் ஓரத்தில் நின்றார்கள். மேனேஜர்கூட வந்து, "லீவைப் பத்திக் கவலைப்படாதீங்க" என்றார். சிலருக்குக் கண் கலங்கியிருந்தது, என் பெட்டிமேல் சத்தியம். இவர் மறுக்கவும் முடியாமல் ஒப்புக்கொள்ளவும் முடியாமல் உட்கார்ந்திருந்தார். வந்தவர்கள் போனதும் ஆரஞ்சுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்து, நாலைத் தனியே ஒதுக்கி வைத்தார்.

படம் எடுக்க பஸ் ஸ்டாண்டு பக்கம் ஸ்டுடியோ வைத்திருந்த ஒருவரைப் பிடித்தேன். வீட்டில் தெலுங்கு, கடையில் கன்னடம், எங்களிடம் தமிழ். ஸ்டுடியோவுக்குக் கண்ணாடிக் கதவு, அதனால் இவர் வரமாட்டேன் என்றுவிட்டார். ஒரு ஞாயிறு மத்தியானம் அவரே கேமராவும் பெரிய பல்புகளுமாக அறைக்கு வந்தார். வீட்டுக்கார அம்மாவிடம் மயில் போட்ட கட்டில் விரிப்பு ஒன்று இரவல் வாங்கியிருந்தேன். "ஏனப்பா, ஏன் விசேஷ?" என்று கன்னடத்தில், என்ன விசேஷமென்று அந்த அம்மா துருவினார். "ஒடம்பு சரியில்லாதவருக்கு மெத்துனு இருக்கட்டும்மா" என்றேன். வாய் கூசாமல் பொய் வந்தது.

"ஜன்னலத் தெறங்க சார், வெளிச்சம் ஏமி லேது, ஒண்ணும் இல்ல" என்றார் படக்காரர்.

"ஜன்னல் கெடையாது."

"அதோ உந்தி கதா, இருக்குதே!"

"அது ஜன்னல் இல்ல" என்று தீர்த்துச் சொல்லிவிட்டார். வேறு வழியில்லாமல் இரண்டு பல்புகளையும் எரிய விட்டார்கள். நான் வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்துக்கொண்டு வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் ஆளாக நின்றேன். கால் மணி நேரத்தில் அறை கேழ்வரகு வறுக்கிற சட்டியாகிவிட்டது. நெஞ்சில் அப்பியிருந்த பவுடர் வியர்வையில் கரைந்து கோடு கோடாக இறங்கியது. துடைத்து, மறுபடி பூசி, மறுபடி துடைத்தோம்.

சண்டை வேறு. படக்காரருக்குத் தொழில் தெரியும். "சார், கட்டில்மேல ஒருக்களிச்சுப் படுங்க. கைய தலைக்குக் குடுத்து, சம்சாரத்த நெனச்சுக்கிட்டு கொஞ்சமா சிரிங்க" என்றார். இவர் அதெல்லாம் முடியாது என்றார். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, பக்கவாட்டில் இரண்டு, இதுதான் முறை என்றார். போதாக்குறைக்கு ஓரடி இரும்பு ஸ்கேல் ஒன்றைச் சுவரில் சாய்த்து வைத்தார், படத்திலிருந்தே அளந்துகொள்ள வசதியாக.

"அய்யோ ராமா! சார், இது சம்சாரத்துக்கா, போலீஸ் ஸ்டேசனுக்கா?"

கடைசியில் பாதிக்குப் பாதி என்று ராசியானார்கள். ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம். ஆறு ஸ்கேலோடு. ஆறு மயில்மேல். மயில்மேல் படுத்தவர் சிரிக்கச் சொன்னால் பல் வலிக்காரர் மாதிரி வாயை வைத்துக்கொண்டார். முதுகைப் படம் எடுக்கத் திரும்பியபோது மட்டும், "முதுகுல ஒண்ணும் இல்லல்ல?" என்று என்னைக் கேட்டார்.

"ஒண்ணும் இல்லண்ணா. சுத்தமா இருக்குது."

மூன்றாம் நாள் பிரிண்டு வந்தது. பன்னிரண்டையும் கட்டிலில் பரப்பினார். இடது கண் மூடியது. ஸ்கேல் வைத்த படத்தின்மேல் அளவுக் கருவியை வைத்து ஏதோ பெருக்கினார், வகுத்தார். பிறகு உதடு பிதுங்கியது. பையிலிருந்து சிவப்பு டேக்கை எடுத்துவிட்டார்.

"எதுவும் போவாதுடா. பன்னண்டும் ரிஜெக்ட்."

தீபாவளிக்கு எட்டு நாள் இருந்தது. எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. "ண்ணா, நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்க. இது யாரோட பீஸு?"

"என்னுது."

"சொந்தப் பீஸச் சொந்தக் கண்ணால பாத்துப் பாஸோ ரிஜெக்டோ பண்ணலாமா? எனக்கு மட்டுந்தான் தர்மமா?"

அவர் என்னைப் பார்த்தார். சிவப்பு டேக்கைப் பையில் போட்டுவிட்டு ஒரு மஞ்சள் டேக்கை எடுத்தார். மேஜையில் உட்கார்ந்து, முத்து முத்தான எழுத்தில் நிரப்பினார். நான் தோளுக்குமேல் எட்டிப் படித்தேன். 'நெஞ்சளவு: இருக்க வேண்டியது 33. இருப்பது 31.' அதற்குக் கீழே குறிப்பு என்கிற கட்டத்தில் பேனா ரொம்ப நேரம் நின்றது. பிறகு எழுதினார். 'தோள் விஷயம்: அளக்காமல் சொன்னது. சொன்னவன்மேல் தவறு.'

அளக்காமல் சொன்னேன் என்று அந்த மனுஷன் எழுதிக் கொடுத்ததை நான் என் வாழ்நாளில் வேறெங்கும் பார்த்ததில்லை. கையெழுத்துக் கட்டத்தைக் காலியாக விட்டார். படங்களைக் கவரில் போட்டு, மூலையில் துளைத்து, மஞ்சள் டேக்கை நூலால் கட்டினார்.

தபாலில் போட்டால் மாமனார் பிரித்துவிடுவார். ஆகவே நானே கொண்டுபோனேன். அவளிடம் கொடுத்து, "நான் பிரிச்சுப் பாக்கலங்க" என்றேன், வேட்டி பிடித்து வெளிச்சம் அடித்த ஆசாமி. அவள் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். காபியோடு திரும்பி வந்தபோது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "பாத்துப் போங்க, காட்டுல யானை இருக்குது" என்றாள், அவ்வளவுதான்.

அந்த வாரம் கம்பெனியில் ஒரு பெட்டிக்கும் முடிவு சொல்லவில்லை அவர். ஷாஃப்டை எடுப்பார், பார்ப்பார், மஞ்சள் கட்டுவார். கூடம் முழுக்க மஞ்சளாகிவிட்டது. நெஞ்சு ஆப்பரேஷன் பயம் என்று மேனேஜரும் ஒன்றும் சொல்லவில்லை.

தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால் ஞாயிற்றுக்கிழமை. உச்சி வெயில் நேரத்தில் அவள் அண்ணன் தாம்பூலத் தட்டும் வேட்டி சட்டையுமாக வந்து இறங்கினார். எனக்கு உயிர் வந்தது. ஆனால் அழைக்க வருகிற அண்ணனோடு பெண்ணும் கூடவே வருவது எந்த ஊரிலும் வழக்கமில்லை. பின்னால் அவளும் வந்திருந்தாள். முந்தானை இழுத்துவிடாமல் சாதாரணமாகக் கிடந்தது.

இவர் எழுந்து நின்றார். கழுத்துப் பட்டன்வரை போட்டிருந்தார். அவள் கைப்பையிலிருந்து அந்த மஞ்சள் டேக்கை எடுத்தாள்.

"இதுல கையெழுத்து எங்க போடணும்?"

இவர் விரலால் காட்டினார். பேனாவையும் எடுத்து நீட்டினார். அவள் பேனாவை வாங்கவில்லை.

"நீங்க போட்டோவப் பாத்துக் கையெழுத்துப் போடுவீங்களா?"

அவர் விழித்தார். இரண்டு கண்களும் திறந்திருந்தன. "மாட்டன்."

"அப்ப நான் மட்டும் போடணுமா? சட்டையக் கழட்டுங்க."

இவர் என்னைப் பார்த்தார். நான் அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் தட்டைக் கட்டில்மேல் வைத்துவிட்டு கூரை ஓடுகளை அண்ணாந்து எண்ணிக்கொண்டிருந்தார். நான் செருப்பை மாட்டினேன். "வாங்கண்ணா, மொனக் கடையில இந்நேரம் பஜ்ஜி சூடாப் போடுவான்" என்று அண்ணன் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தேன்.

பின்னால் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அது எதிர்பார்த்ததுதான். குழாயடியைத் தாண்டும்போதுதான் அந்த இன்னொரு சத்தம் வந்தது. துருப்பிடித்த தாழ்ப்பாளை யாரோ ஷாஃப்டால் தட்டுகிறார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு வருஷக்கணக்கில் ஒட்டிக் கிடந்த பலகை கிரீச்சென்று பிரிந்து, சுவரில் போய் மோதியது.

"என்னாங்க அது சத்தம்?" என்றார் அண்ணன்.

"ஒண்ணுமில்லண்ணா. உள்ள வெளிச்சம் பத்தல. ஜன்னலத் தொறக்கறாங்க."